ரிமோட்டில் திறக்கும் சோப்புக் குழாய்

அமெரிக்காவில், சன்னிவேலில், அந்தக் காலத்தில் பசுபதி என்று என் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. "நர்ஸம்மா ருக்மிணியோட வீட்டுக்காரர்" என்று விசாரித்தால் தெரியும். தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் புதிதாக ஒருவர் கை கொடுத்தால் அவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி, "எங்க ஒர்க் பண்றீங்க?"

"சொந்தக் கம்பெனி."

"அப்படியா! ஹார்டுவேரா, சாஃப்ட்வேரா?"

"சோப்பும் தண்ணியும்."

அதோடு அவர் பார்வை என் தோளைத் தாண்டி வேறு ஆளைத் தேடப் போய்விடும். போகட்டும். அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அடுத்தவன் கம்பெனியில் அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போகிறவர்கள். நான் ஒருவன்தான் என் பெயரை என் வண்டிக் கதவில் எழுதி வைத்திருந்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

நான் எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. சங்ககிரியில் லாரிகளுக்கு வாட்டர் சர்வீஸ் செய்யும் கொட்டகையில் வளர்ந்தவன். பம்பாய்க்குப் போய்த் திரும்பிய லாரிகளின் அடிவயிற்றில் ஒட்டியிருக்கும் சேற்றையும் கிரீஸையும் பீய்ச்சியடித்துக் கழுவிய கை இது. வேலூரில் நர்ஸ் படிப்பு முடித்த ருக்மிணியைக் கட்டினேன். அமெரிக்காவில் நர்ஸ் போதவில்லை என்று அவளைக் கூப்பிட்டார்கள். அவளோடு நானும் விமானம் ஏறினேன். வந்த புதிதில் கார் வாஷில் துணி பிடித்துத் துடைத்தேன். பிறகு ஒரு பழைய பிக்கப்பையும், இனி ஓடாது என்று ஒதுக்கிப் போட்ட பிரஷர் வாஷர் ஒன்றையும் வாங்கி, எஞ்சினையும் பம்பையும் நானே பிரித்துப் பூட்டி ஓடவைத்தேன். ஒரு புத்தகம் பார்க்கவில்லை, ஒருவரையும் கேட்கவில்லை. எண்பத்தைந்தில் சான் ரமோனில் இருக்கிற ஒரு பெரிய ஆபீஸ் வளாகத்தைக் கழுவும் வேலை என் கையில் இருந்தது. என் பிழைப்பில் பாதிக்கு மேல் அதுதான்.

பிரஷர் வாஷர் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பம்பு தண்ணீரை நீள ஹோஸில் தள்ளும். பம்பைத் தாண்டியதும் இன்ஜெக்டர் என்று ஒரு பித்தளைத் துண்டு இருக்கும். அதற்குள் தண்ணீர் பாயும்போது, பக்கத்து டிரம்மிலிருந்து ஒரு சின்னக் குழாய் வழியாகச் சோப்புக் கெமிக்கலை உறிஞ்சிக்கொள்ளும். சின்னக் குழாயில் ஒரு வால்வு. திறந்தால் சோப்பு, மூடினால் வெறும் தண்ணீர். வால்வு இருப்பது வண்டியில். கழுவுகிற நான் இருப்பது ஹோஸின் மறுமுனையில், கட்டடத்துக்கு அந்தப் பக்கம். வால்வுக்குப் பக்கத்தில் நின்றவள் ருக்மிணி. சாயந்தரம் அவளுக்கு ஆஸ்பத்திரி, பகலில் வண்டி.

எஞ்சின் போடுகிற இரைச்சலில் நான் தொண்டை கிழியக் கத்துவேன். திறக்கச் சொன்னால் மூடுவாள், மூடச் சொன்னால் திறப்பாள்.

"ஏங்க, ஒரு நாள் அந்த எஞ்சின் பக்கத்துல நீங்க நின்னு பாருங்க. அப்பறம் என்னைய வையுங்க" என்பாள்.

கையைத் தூக்கிக் காட்டலாம் என்றால் மூலை திரும்பியதும் கை தெரியாது. ஆள் வைத்தும் பார்த்தேன். ஒருவன் காதில் வாக்மேன் மாட்டிக்கொண்டு நின்றான். இன்னொருவன் மதியச் சாப்பாட்டுக்குப் போனவன் போனவன்தான். ஆளே இல்லாமல் ஓட்டலாம் என்றால் வளாகத்து மேனேஜர் ஹாலோரன் விடமாட்டார். கெமிக்கல் ஓடும்போது மிஷின் பக்கத்தில் ஒரு ஆள் நின்றே ஆகவேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அவசரமென்றால் யார் நிறுத்துவது என்று கேட்பார்.

அந்த வருஷம் ஆஸ்பத்திரியில் ருக்மிணியைப் பகல் ஷிஃப்டுக்குத் தலைமை நர்ஸாக வரச் சொன்னார்கள். அவள் அதற்காக எத்தனை வருஷம் காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

"மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லோணுமாம்" என்றாள், சோற்றைப் போட்டுக்கொண்டே.

"நீ என்ன சொன்ன?"

"வீட்டுக்காரரைக் கேக்கோணும்னேன். எங்க சூப்பர்வைசரம்மா சிரிச்சுட்டாங்க. நான் பர்மிஷன் கேக்கறேன்னு நெனைச்சுட்டாங்க. நான் கேக்கோணும்னது, வால்வை இனி யாரு தொறப்பாங்கன்னு."

சாப்பிட்ட கையோடு நான் சொன்னேன். "ரிமோட்ல தொறக்கும்."

கராஜ் கதவைக் காருக்குள் உட்கார்ந்தபடியே பொத்தானை அமுக்கித் திறக்கிறார்கள். அவ்வளவு பெரிய கதவைத் திறக்கிற ரேடியோ இத்துனூண்டு வால்வைத் திறக்காதா? என் கையில் பொத்தான் இருந்தால் ஹாலோரன் கேட்கும் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். மிஷின் பக்கத்தில் ஆள் வேண்டாம். ருக்மிணி பகல் ஷிஃப்டில் சேரலாம். இந்த யோசனை முழுக்க என்னுடையது. அதில் யாருக்கும் பங்கு கிடையாது.

ரேடியோ வேலைக்கு அனந்தராமன் கிடைத்தார். மயிலாப்பூர்க்காரர், எலெக்ட்ரானிக்ஸில் பெரிய படிப்பு. சிப் கம்பெனிகள் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பிய சமயம் அது, இவரையும் அனுப்பியிருந்தார்கள். வெளியில் "கன்சல்டிங் பண்றேன்" என்று சொல்லிக்கொண்டு, காலையில் டை கட்டிக்கொண்டு அடுத்த தெருவிலிருந்து என் கராஜுக்கு வந்துவிடுவார்.

"டையைக் கழட்டுங்க சார். பெல்ட்ல மாட்டி இழுத்துச்சுன்னா அப்பறம் கன்சல்டிங்கே கெடையாது" என்றேன்.

"கழட்டினா மறுபடி கட்டத் தெரியாது சார். ஆத்துல அவதான் கட்டிவிடறா. கழுத்தோட இருக்கட்டும்." டையைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

எரிச்சல் அன்றைக்கு ஆரம்பித்தது. முதலில் அவர் கேடலாகைப் பார்த்து மின்சாரத்தில் திறந்து மூடும் பித்தளை வால்வு ஒன்றை வரவழைத்தார். எங்கள் சோப்பு காஸ்டிக் சோடா கலந்தது. உள்ளே இருந்த ரப்பர் அதில் ஊறி உப்பி, வால்வு பாதி திறந்த வாயோடு நின்றுபோயிற்று.

"கெமிக்கல் தாங்கும்னுதானே போட்டிருக்கான்!"

"எந்தக் கெமிக்கல்னு போட்டிருக்கானா?"

கேடலாகை மூடிவைத்தார். அடுத்தது புல்வெளி ஸ்ப்ரிங்க்ளருக்குப் போடுகிற பிளாஸ்டிக் வால்வு. அது என் தேர்வு. காஸ்டிக் அதை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் தண்ணீர் பின்னாலிருந்து தள்ளினால்தான் அது இறுக மூடும். எங்கள் சின்னக் குழாயில் தள்ளுகிற வேலையே கிடையாது, உறிஞ்சுகிற வேலைதான். மூடச் சொன்னால் மூடாமல் சோப்பை விட்டுக்கொண்டே இருந்தது. திறப்பதும் மூடுவதும் தவிர உனக்கு வேறு என்ன வேலை என்று அந்த வால்வையே திட்டினேன். கையிலிருந்த ஸ்பானர் பறந்து போய் அனந்தராமன் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது.

"என்மேல எறிஞ்சேளா, வால்வுமேல எறிஞ்சேளா?"

"குறி வச்சு எறியலை."

வெள்ளை யூனிஃபாரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ருக்மிணி கராஜ் வாசலில் நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"சோப்பு எதுக்குங்க வால்வுக்குள்ள போகோணும்? டிரிப்ஸ் ஏத்தறப்ப நாங்க மருந்தைத் தொடறமா? ட்யூபை வெளியில இருந்து நசுக்குனா நிக்குது, விட்டா போகுது."

சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அனந்தராமன் குனிந்து ஸ்பானரை எடுத்து என் கையில் கொடுத்தார். ரிமோட் என்கிற யோசனை என்னுடையது என்று எழுதினேனே, அதில் மாற்றமில்லை. நசுக்குகிற யோசனை அவளுடையது.

பழைய கார்களை உடைத்து விற்கிற இடத்துக்குப் போய், கதவுப் பூட்டைத் தானாக இழுத்துவிடுகிற குட்டி மோட்டார் ஒன்றைக் கழற்றி வந்தேன். சின்னக் குழாயை மெத்தென்ற ரப்பர் குழாயாக மாற்றி, மோட்டார் அதை ஓர் இரும்புத் தகட்டோடு சேர்த்து நசுக்குகிற மாதிரி நானே அடித்து வளைத்துப் பொருத்தினேன். அனந்தராமன் கராஜ் கதவு ரிசீவரை அதோடு இணைத்தார். ஒரு தரம் அமுக்கினால் விடும், மறுதரம் அமுக்கினால் நசுக்கும். தூரத்திலிருந்து தெரியவேண்டுமே என்று வண்டிக் கூரைமேல் ஒரு பச்சை விளக்கு. சோப்பு ஓடும்போது எரியும்.

தெருவில் நின்று அமுக்கினேன். பச்சை விளக்கு எரிந்தது. கூடவே எதிர்வீட்டு கராஜ் கதவும் மெதுவாகத் திறந்தது. உள்ளே உள்ளாடையோடு நாற்காலி போட்டு பீர் குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். அனந்தராமனும் ஆட்டினார்.

"என்ன சார் ஆட்டறீங்க? மூடுங்க!"

"மூடினா நம்ம சோப்பும் நின்னுடுமே. ரெண்டு ரிமோட்டுக்கும் ஒரே நம்பர். உள்ளே இருக்கற குட்டி ஸ்விட்சையெல்லாம் மாத்தணும்."

மாற்றினார். எதிர்வீட்டுக் கதவு திறப்பது நின்றது. ஆனால் எஞ்சினை ஓடவிட்டால் ரிசீவருக்குக் காது கேட்கவில்லை. ஸ்பார்க் பிளக்கிலிருந்து கிளம்புகிற மின்சார இரைச்சல் ரேடியோவை அமுக்கிவிட்டது. பிளக் வயரை மாற்றினார், பெட்டியைத் தகரத்தால் மூடினார், ஏரியலைக் கூரைமேல் ஏற்றினார். அந்தப் பகுதி முழுக்க அவர் செய்தது. சொல்லவேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும். மாசம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, எஞ்சின் அலற, தெருக்கோடியில் நின்று நான் பொத்தானை அமுக்க, நுரை வந்தது. மறுபடி அமுக்க, நின்றது. திரும்பத் திரும்ப அமுக்கினேன். ஒரு தரமும் தவறவில்லை.

வண்டிப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ருக்மிணி கேட்டாள். "அப்ப இனி நான் எங்க நிக்கறது?"

"ஆஸ்பத்திரியில."

ஹாலோரனுக்கு போன் செய்தேன். இனி என் கையிலிருக்கிற பொத்தானை அமுக்கினால் கெமிக்கல் நிற்கும் என்றேன். அவர் நம்பவில்லை, மறுக்கவும் இல்லை. "என் தரையில் பரிசோதனை வேண்டாம். வேறு எங்காவது கழுவிக் காட்டு, நான் வந்து பார்க்கிறேன்" என்றார். நல்ல அழுக்குத் தரையாக இருந்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அப்படி ஒரு தரை எனக்குத் தெரியும். கேட்டால் இல்லை என்று சொல்லாத நம்மவர் இடமும்கூட.

பர்வதம் மாமி எல் கமினோ சாலைப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்தாள். கடையின் பின்பக்கம் சரக்கு இறக்குகிற சிமெண்ட் தளம். சாக்குகளைப் பிரித்துப் பொட்டலம் போடுவதும் எண்ணெய் டின்களை அடுக்குவதும் அங்கேதான். வருஷக்கணக்கில் பிசுக்கேறிக் கன்னங்கரேலென்று கிடந்தது.

"என் தரைக்கு ஏதாவது ஆயிடுத்துன்னா?" என்றாள் மாமி.

"மாமி, இதுக்கு மேல ஆகறதுக்கு அதுல என்ன இருக்கு?"

"பசுபதி, உனக்கு வாய் ஜாஸ்தி. கழுவிட்டுப் போ."

ஹாலோரன் காகிதக் கோப்பையில் காப்பியோடு வந்து இறங்கினார். நான் தளத்தின் கோடியில், ஹோஸ் முனையில் இருக்கிற பீய்ச்சும் கன்னைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி மறுகோடியில். யாரும் தொடவில்லை என்று தெரிவதற்காக ருக்மிணியும் அனந்தராமனும் வண்டியை விட்டுத் தள்ளியே நின்றார்கள். மாமி கடைக் கதவில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தாள். முதலில் வெறும் தண்ணீர் அடித்துக் காட்டினேன். பிறகு, "நவ் கெமிக்கல்" என்று அறிவித்துவிட்டுப் பொத்தானை அமுக்கினேன். பச்சை விளக்கு எரிந்தது. வெள்ளை வெளேரென்று நுரை வந்தது. ஹாலோரன் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நுரை விழுந்த இடம் சிவந்தது. முதலில் லேசாக. பிறகு கோழி அறுத்த இடம் மாதிரி. தளத்தின் விரிசல்களிலிருந்தெல்லாம் சிவப்புக் கிளம்பி ஒன்று சேர்ந்து, சரிவில் இறங்கிச் சந்துப் பக்கம் ஓட ஆரம்பித்தது.

ஹாலோரன் காப்பியைக் கீழே போட்டார். யாருக்கு அடிபட்டது என்று சுற்றிலும் பார்த்தார். "ஷட் இட் ஆஃப்! ஷட் இட் ஆஃப்!"

அமுக்கினேன். விளக்கு அந்த நொடியே அணைந்தது. நுரை நின்று வெறும் தண்ணீர் வந்தது. என் பெட்டி தன் வேலையைக் கச்சிதமாகச் செய்தது, இதை எந்தச் சபையிலும் சொல்வேன். ஆனால் சிவப்பு நிற்கவில்லை. சீக்கிரம் கழுவித் தள்ளிவிடலாம் என்று நான் தண்ணீரை அடிக்க அடிக்க, அது இன்னும் கிளம்பியது.

"அடிக்காதீங்கோ சார்! அடிக்க அடிக்க ஜாஸ்தியாறது!" என்று அனந்தராமன் ஓடி வந்தார்.

மாமி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, ஆரத்தின்னா இது! மஞ்சள் மூட்டை பிரிக்கற எடம்டா பசுபதி!"

மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவக்கும். காஸ்டிக்கும் சுண்ணாம்புக்கு உறவுதான். வருஷக்கணக்கில் சிந்திய மஞ்சள் தூள் பிசுக்குக்கு அடியில் கறுப்போடு கறுப்பாகக் கிடந்திருக்கிறது. கல்யாண வாசலில் ஆரத்தி சுற்றாத வீட்டில் பிறந்தவர்கள் அங்கே ஹாலோரனைத் தவிர யாருமில்லை. நாலு பேரில் ஒருவருக்காவது முன்கூட்டி உறைத்திருக்க வேண்டாமா?

"பட்டனை அழுத்தின பிறகும் வந்ததே" என்றார் ஹாலோரன்.

"அது சோப்பு இல்லை. தரையில் இருந்தது. சோப்பு நின்றுவிட்டது. விளக்கு அணைந்ததே" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

"விளக்கு அணைந்தது. கெமிக்கல் நிற்கவில்லை. நான் கண்ணால் பார்த்தேன்."

அனந்தராமன் அமிலம், காரம் என்று பாடம் எடுக்க ஆரம்பித்தார். நல்ல இங்கிலீஷ்தான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஹாலோரனின் முகம் இன்னும் கொஞ்சம் இறுகியது. காரில் ஏறப் போனவரை மாமி மறித்தாள். கையில் ஒரு தாம்பாளம். அதில் தண்ணீர் விட்டு, ஒரு பிடி மஞ்சள் தூளைப் போட்டு, தன் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை வழித்து அவர் கண்ணெதிரே கரைத்தாள். தண்ணீர் குபீரென்று சிவந்தது. அதைவிட நல்ல நிரூபணம் யார் காட்ட முடியும்? அதோடு நிறுத்தியிருக்கலாம். பழக்கப்பட்ட கை, தாம்பாளத்தை அவர் முகத்துக்கு நேரே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது.

ஹாலோரன் ஓரடி பின்வாங்கித் தொப்பியைக் கழற்றினார். "உங்கள் மதத்தில் நான் குறுக்கிடவில்லை, மேடம்" என்றார். என் பக்கம் திரும்பி, "மிஷின் பக்கத்தில் ஒரு ஆள். கை வால்வுமேல் இருக்கவேண்டும். இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சுத்தமான தரையில் இன்னொரு தடவை காட்டுகிறேன் என்று தினமும் போன் செய்தேன். அவர் மீட்டிங்கில் இருப்பதாக ஒரு பெண் சொன்னாள். நேரில் போனேன். வரவேற்பறையில் காத்திருந்துவிட்டுத் திரும்பினேன். பெட்டி வேலை செய்யாமல் போயிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். வேலை செய்தது. அதுதான் ஆறவில்லை. கோபத்தை யார்மேல் காட்டுவது? மாமிமேலா, மஞ்சள்மேலா?

மாசக் கடைசி நாள் காலையில் ருக்மிணி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அனந்தராமன் வழக்கம்போல் டையோடு வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்னு சொல்லிரட்டுங்களா?" என்றாள்.

சொல்லு என்றும் சொல்ல முடியவில்லை, சொல்லாதே என்றும் சொல்ல முடியவில்லை. சான் ரமோன் போனால் கம்பெனி பாதி போய்விடும்.

அனந்தராமன் டம்ளரை வைத்தார். "நான் நிக்கறேனே."

"நீங்களா?"

"அவர் என்ன கேட்டார்? மிஷின் பக்கத்துல ஒரு ஆள். நான் ஆள்தானே சார்? ஆத்துலயும் நெஜமாவே வேலைக்குப் போறேன்னு சொல்லிக்கலாம்."

ருக்மிணி எழுந்து போய் ஆஸ்பத்திரிக்கு போன் செய்தாள். சரி என்று அவள் சொன்னது கராஜ் வரைக்கும் கேட்டது.

கை வால்வுமேல் இருக்கவேண்டும் என்று ஹாலோரன் சொன்னாரே; எங்களிடம் இப்போது வால்வே கிடையாது, நசுக்குகிற மோட்டார்தான். அதனால் அனந்தராமன் பளபளவென்று பெரிய பித்தளை வால்வு ஒன்றை வாங்கி வந்து, வண்டியின் பக்கவாட்டில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி அவரே முடுக்கினார். அதற்கு முன்னாலும் குழாய் இல்லை, பின்னாலும் குழாய் இல்லை. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு அவர் நின்றார். தகரப் பெட்டிக்குள் அவர் செய்த ரேடியோ. என் பாக்கெட்டில் பொத்தான். நான் அமுக்கியதும் மோட்டார் அசைவதைப் பார்த்து அவர் திருகுவார்; ஹாலோரன் கண்ணில் படக்கூடாதென்று பச்சை விளக்கையும் கழற்றிவிட்டோம்.

முதல் வாரமே ஹாலோரன் மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்தார். அனந்தராமனின் தோளில் தட்டினார். "இதைத்தான் நான் சொன்னேன். ஒரு மனிதன், ஒரு வால்வு. அந்த ரேடியோ சமாசாரத்தையெல்லாம் நம்பவே கூடாது." என்னைப் பார்த்து, "நல்ல ஆளைப் பிடித்திருக்கிறாய்" என்றார்.

அனந்தராமன் உதட்டைக் கடித்துக்கொண்டு, "எஸ் சார்" என்றார். ஹாலோரன் உள்ளே போனதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கையை வைங்க சார், ஜன்னல்ல நிக்கறாரு" என்றேன். பொத்தானை அமுக்கினேன். நுரை வந்தது.